கழுதை போகல, போட்டோ போயிருச்சு

(போன ஞாயித்துக்கிழமை எங்க தெரு வாசகசாலையில பழைய மதுரை படங்களை மாட்டி வச்சு ஒரு சின்ன கண்காட்சி போட்டோம். அதுல நான் பேசுனதை ஒரு தம்பி போன்ல ரெக்கார்ட் பண்ணி குடுத்தாப்ல. அப்படியே டைப் பண்ணியிருக்கேன், இருமுனதை மட்டும் எடுத்துட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்க தலைவர் அய்யா, நம்ம வார்டு கவுன்சிலர் அக்கா, ரிட்டயர்டு தாசில்தார் சார், இந்த எடத்தை வாடகை வாங்காம குடுத்த வாசகசாலை செயலாளர் அண்ணன், சேர் குடுத்த பந்தல்காரர், அவரு வரல, ஆனா சேர் வந்துருச்சு அதனால அவருக்கும் நன்றி. கவுன்சிலர் அக்கா ஒம்பது மணிக்கு ஒரு காதுகுத்துக்குப் போகணும்னு சொல்லியும் நமக்காக உக்காந்திருக்காங்க, அக்காவுக்கு ஒரு கைதட்டு குடுங்க. தலைவர் அய்யா அறிமுகம் பண்றப்ப என்னைய வரலாற்று ஆய்வாளர்னு சொல்லிட்டாரு, நான் ஆய்வாளரெல்லாம் இல்லண்ணே, முப்பது வருஷம் பாத்திரக்கடையில கணக்கு எழுதுன ஆளு, பழைய படம்னா பைத்தியம், அம்புட்டுதான்.

இன்னைக்கு மூணு விஷயம் பேசப்போறேன். ஒண்ணு, வெள்ளக்காரன் எடுத்த மதுரை. ரெண்டு, நம்ம ஊரு ஸ்டுடியோக்காரங்க எடுத்த மதுரை. மூணு, ஒங்க வீட்டு பீரோவுக்கு மேல பெட்டிக்குள்ள கெடக்குற மதுரை. ஆளுக்கு பத்து நிமிஷம்னு தலைவர் சொல்லியிருக்காரு, பாப்போம்.

நம்ம ஊர்ல ஒரு சொலவடை இருக்குல்ல, மதுரையைச் சுத்துன கழுதை மதுரையை விட்டுப் போகாதுன்னு. வெளியூர்க்காரங்க கிண்டலுக்குச் சொல்றது, நாம பெருமையா எடுத்துக்கிட்டோம். என்னைய கேட்டா அந்தக் கழுதை நெசமாவே போகல, ஆனா போட்டோ போயிருச்சு. இந்தா இந்தச் செவத்துல மாட்டிருக்கமே முதல் எட்டு படம், இதோட பழைய பிரிண்டு பாக்கணும்னா லண்டனுக்குப் போகணும், அங்க பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. நாம மாட்டிருக்கது நெட்ல இருந்து எறக்கி முக்குல இருக்க பிளெக்ஸ் கடையில பிரிண்டு போட்டது, அதான் கொஞ்சம் பச்சையா தெரியுது, மன்னிச்சுக்கங்க.

எடுத்தவரு பேரு லின்னேயஸ் ட்ரைப். கம்பெனி பட்டாளத்துல ஆபீசர், மெட்ராஸ் கவர்மெண்டு போட்டோகிராபரா போட்டாக, மாட்டுவண்டியில சாமான் செட்டை ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூருன்னு சுத்துனாரு. மதுரையில எடுத்தது 1858. அந்த வருஷந்தான் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வருது. அப்ப பிலிம் கெடையாது. பேப்பரை மெழுகுல ஊறவச்சு, மருந்து தடவி, அதைத்தான் நெகட்டிவா வச்சு எடுக்குறது. நம்ம வெயில்ல மெழுகு என்ன பாடு பட்டிருக்கும்னு யோசிங்க! அதுல வானம் ஒழுங்கா விழுகாது, வெறும் வெள்ளையா நிக்கும், அதனால மனுசன் நெகட்டிவ் மேலயே பிரஷ் வச்சு மேகம் வரைஞ்சிருக்காரு. நாலாவது படத்துல மேகத்தைப் பாருங்க, பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கும், அது மதுரை மேகம் இல்ல, ட்ரைப் தொரை மேகம்.

தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டை இருபத்தொரு படமா எடுத்து ஒண்ணா ஒட்டி ஏறக்குறைய 20 அடிக்கு ஒரே படமா ஆக்குனவரு. அப்பேர்ப்பட்ட ஆளை கொஞ்ச நாள்ல புது கவர்னரா வந்த ட்ரெவெல்யன் செலவு ஜாஸ்தின்னு சொல்லி கடையைச் சாத்த வச்சுட்டாரு. பட்ஜெட் இல்லங்குற பதில் இப்ப வந்தது இல்லங்க, கவுன்சிலர் அக்கா தப்பா நினைக்காதீங்க, ஒங்களைச் சொல்லல.

சரி படத்துக்கு வருவோம். இந்தா மகால். திருமலை நாயக்கர் 1636-ல கட்டுனது. அவரு பேரன் சொக்கநாதர் காலத்துலயே பாதிய பேத்துட்டுப் போயாச்சு. 1858-ல காரை உதிந்து, பல எடம் இடிஞ்சு, ஆளில்லாத எடமா நிக்குது பாருங்க. அப்புறம் மெட்ராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு வந்துதான் 1866-ல இருந்து ரிப்பேர் வேலை பாக்குறாக. நாமெல்லாம் சவுண்டு லைட்டு ஷோவுக்கு டிக்கெட் எடுத்து உக்காந்த எடம் இதுதான், நம்புவீகளா? பக்கத்துல வைகை, குறுக்க கல்லு போட்ட தரைப்பாலம், அங்கிட்டு ஊரு. ஏ.வி. பாலமெல்லாம் 1889-ல வந்தது, அது வரைக்கும் இதுல எறங்கித்தான் போகணும், ஆத்துல தண்ணி வந்தா அவ்வளவுதான், அங்கிட்டு இருக்கவன் அங்கிட்டு இங்கிட்டு இருக்கவன் இங்கிட்டு. இப்ப அந்தக் கவலையே இல்ல, தண்ணியே இல்ல.

கோட்டை படம் எங்கன்னு ஒருத்தர் வாசல்லயே கேட்டாரு. இல்லய்யா. கேமராங்குறது ஒலகத்துக்குத் தெரிஞ்சதே 1839-ல, நம்ம கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிச்சது 1840-கள்ல. அகழியைத் தூத்து செவத்தை இடிச்சு சமப்படுத்துறவங்களுக்கு எடம்னு சொல்லி ஊர் சனத்தை வச்சே இடிச்சதா சொல்லுவாங்க. அளவெடுத்த மாரட் பேருல மாரட் வீதி, மேஸ்திரி வேலை பாத்த பெருமாள் பேருல பெருமாள் மேஸ்திரி வீதி, அந்த கலெக்டருக்கு நன்றியா நட்டதுதான் நம்ம விளக்குத்தூண், அதையும் ட்ரைப் எடுத்திருக்காரு, ஏழாவது படம். கோட்டை போயி பதினஞ்சு வருஷம் ஆகல, கேமரா வந்து நிக்குது. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு துண்டு கோட்டை மிச்சம் இருக்கு, அதைப் பாத்துக்கிட வேண்டியதுதான்.

ஆனா இந்த எட்டு படத்துலயும் ஒரு குறை எனக்கு. ஆளு இல்ல. தேடிப்பாருங்க, அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு. அப்ப ஒரு படத்துக்கு லென்ஸை ரொம்ப நேரம் தெறந்து வைக்கணும், நடக்குற மனுசன் பதிய மாட்டான், அசையாத கல்லுதான் பதியும். அதனால மதுரையோட இந்தப் பழைய போட்டோவுல கோயில் இருக்கு, மண்டபம் இருக்கு, மதுரைக்காரன் இல்ல. பூ விக்கிற அம்மா இல்ல, கழுதைகூட இல்ல! மதுரையைச் சுத்துன கழுதை மதுரையை விட்டுப் போகாது, சரி, போட்டோவுல எங்கய்யா அது?

மதுரைக்காரன் இருக்குறது நம்ம வீட்டு படத்துலதான். இங்க ஒரு கதை சொல்லணும், தலைவர் அய்யா கடிகாரத்தைப் பாக்காதீங்க.

எங்க பெரியப்பா வீடு கீழவாசல் பக்கம். நடு வீட்டுல நெலைக்கு மேல ஒரு படம். மூணு பேரு. எடது பக்கம் எங்க தாத்தா, நின்னுக்கிட்டு, கையில குடை. வலது பக்கம் தாத்தாவோட தம்பி. நடுவுல நாற்காலி போட்டு ஒரு பெரியவரு, பெரிய தலைப்பாகை, முறுக்கு மீசை, கால் மேல கால். எங்களுக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவருதான் பூட்டன். அமாவாசை தவறாம மாலை, சூடம், தீவாளிக்கு வேட்டி வச்சுக் கும்பிடுறது, வீட்டுல கல்யாணம்னா முதல் பத்திரிகை அவரு படத்துக்கு முன்னாடிதான் வைக்கணும். எனக்கு பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்தப்ப எங்க அத்தை சொல்லுச்சு, பூட்டன் மூக்கு அப்படியே ஒனக்கு, அதான் புத்தியும் வந்திருக்குன்னு. நானும் கண்ணாடியில பாத்துப் பாத்து மூக்கைத் தடவிக்கிட்டேன்.

ஒரு தடவை காரைக்குடிப் பக்கம் இருந்து தாத்தாவோட சேக்காளி ஒருத்தரு வந்தாரு, தொண்ணூறு தாண்டுனவரு, கண்ணு மட்டும் கழுகு. திண்ணையில உக்காந்து காப்பி குடிச்சுட்டு உள்ள வந்தவரு படத்தைப் பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க, இருமலு வந்துருச்சு, தண்ணி குடுத்து உக்கார வச்சோம். "ஏண்டா, இவனுக்கு எதுக்குடா மாலை போட்டிருக்கீக?" ங்குறாரு. பூட்டன் தாத்தான்னோம். "ஒங்க பூட்டன் கட்டை குட்டையா கருப்பா இருப்பாருடா, இவன் ஜட்கா வண்டிக்காரன்டா" ங்குறாரு.

நடந்தது என்னன்னா, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் படம் எடுக்க ஜட்காவுல ஸ்டுடியோவுக்குப் போயிருக்காங்க. வண்டிக்காரரு வாடகைக்காக உள்ளயே வந்து நின்னிருக்காரு. போட்டோக்காரரு பாத்திருக்காரு, ரெண்டு பேரும் நோஞ்சானா நிக்கிறாங்க, படம் எடுப்பா வரல, இந்த மீசையும் தலைப்பாகையும் நடுவுல இருந்தா ஜம்முனு இருக்கும்னு அவரைப் புடிச்சு நாற்காலியில உக்கார வச்சுட்டாரு. முடிஞ்சது. நாப்பது வருஷமா ஒரு குடும்பமே ஜட்காக்காரருக்கு தெவசம் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு, நெசமான பூட்டன் மேல பட்டினியா கெடந்திருக்காரு!

படத்தைக் கழட்டிருவோமான்னு பெரியப்பா கேட்டாரு. அத்தை ஒரே வார்த்தை, "இம்புட்டு வருஷம் சோறு போட்டுட்டு இப்ப எறக்கி விட்டா அந்த மனுசன் கோச்சுக்கிட மாட்டாரா?" அந்தப் படம் இன்னைக்கும் அங்கனதான் தொங்குது. அமாவாசைக்கு மாலை ரெண்டா ஆயிருக்கு, பூட்டனுக்குப் படம் இல்லாததால ஒரு செம்புக்குப் போடுறாங்க. என் மூக்கு யாரு மூக்குன்னு இப்ப வரைக்கும் தெரியல.

சிரிச்சீங்கள்ல, இப்ப நான் கேக்குறதுக்கு பதில் சொல்லுங்க. ஒங்க வீட்டுப் படத்துல எத்தனை பேருக்குப் பின்னாடி பேரு எழுதியிருக்கு? எங்க தாத்தா அன்னைக்கே படத்துக்குப் பின்னாடி பென்சில்ல மூணு பேரு எழுதியிருந்தா அந்த வண்டிக்காரருக்கு இன்னைக்கு பேரு இருந்திருக்கும். இந்த ஊர்ல எத்தனை ஜட்கா ஓடிச்சு, ஸ்டேஷன் வாசல்ல வரிசையா நிக்கும், அதை ஓட்டுனவங்கள்ல ஒருத்தரு மொகம் எங்க வீட்டுல தெளிவா இருக்கு, பேரு இல்ல.

எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சதே ஒரு கண்ணாடியால. சாமி படத்துக்கு பிரேம் போட ஒரு கடையில நிக்கிறேன். அவரு பழைய கண்ணாடித் துண்டு ஒண்ணு எடுத்து துணியால தொடச்சு வெளிச்சத்துல காட்டுறாரு. ஓரத்துல என்னமோ அழுக்கு மாதிரி இருக்கு, வாங்கி சாய்ச்சுப் பாக்குறேன், ஒரு பொண்ணோட பாதி மொகம். நெத்திச்சுட்டி, காதுல ஜிமிக்கி, எல்லாம் கறுப்பு வெளுப்பா மாறிக் கெடக்கு, கல்யாணப் பொண்ணா இருக்கணும். ஸ்டுடியோவுல கிளாஸ் நெகட்டிவ்னு வச்சிருப்பாங்க, கடையைச் சாத்துனப்ப மருந்தை வெந்நியில சொரண்டிட்டு வெறும் கண்ணாடியா எடைக்குப் போட்டுருக்காங்க. அந்த ஒரு மூலை மட்டும் சரியா கழுவாம விட்டுருக்கு. எத்தனை வீட்டு முருகன் படத்துக்கு மேல எத்தனை கல்யாணப் பொண்ணு கழுவிப் போயிருக்கோ. ரெண்டாவது பாயிண்டு இதாங்க, ஸ்டுடியோக்காரங்க, ரீடச்சிங் பென்சில், தாஜ்மகால் வரைஞ்ச திரை, சித்திரைப் பொருட்காட்சியில அட்டை நிலாவுல உக்காந்து எடுக்குறதுன்னு நெறைய இருக்கு, நேரம் இல்ல, இன்னொரு நாள் பேசுறேன்.

இப்ப வேலைக்கு வருவோம். நான் வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கது ஒண்ணுதான், மதுரைக்குன்னு ஒரு போட்டோ வீடு வேணும். மணிமண்டபம் வேணாம், செல வேணாம், ஏசி போட்ட ரெண்டு ரூமு, ஒரு ஸ்கேனர், ரெண்டு புள்ளைங்க. மங்கம்மா இருந்த தமுக்கத்து அரண்மனையைக் காந்தி மியூசியமா ஆக்கி 1959-ல நேரு வந்து தெறந்து வச்சாரு, அந்த மாதிரி பழைய கட்டடம் ஒண்ணு கெடைக்காமலா போகும்? 2018-ல மீனாச்சி கோயில் வீர வசந்தராயர் மண்டபத்துல தீப்புடிச்சப்ப ஊரே செல்போன்ல பழைய படம் தேடுச்சு, என்கிட்ட இருந்ததே எங்க அக்கா மக மொட்டையடிச்சப்ப பின்னாடி மங்கலா தெரியுற தூணு ரெண்டுதான். தங்கம் தியேட்டர், 1952-ல தெறந்தது, 2,500 சீட்டுக்கு மேல, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில அந்த எடத்துல இப்ப ஜவுளிக்கடை. உள்ள பால்கனியில இருந்து எடுத்த படம் ஒண்ணு யாருகிட்டயாவது இருக்கா? 1939 ஜூலை 8-ந் தேதி வைத்தியநாத அய்யர், கக்கனையும் கோயிலுக்குள்ள விடாம வச்சிருந்த இன்னும் சிலரையும் கூட்டிக்கிட்டு மீனாச்சி கோயிலுக்குள்ள நுழைஞ்சாரே, அன்னைக்கு சுத்தி நின்ன சனங்க எந்தெந்தத் தெருக்காரங்க, ஒரு மொகத்துக்காவது பேரு தெரியுமா நமக்கு?

மதுரையைச் சுத்துன கழுதை போகாதுங்குறீங்க, மனுசன் போயிட்டானே. பசங்க சென்னை, பெங்களூரு, துபாய். வீட்டை விக்கிறப்ப பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுறான். அவரு போட்டோவை எடைக்கு எடுக்க மாட்டாரு தெரியுமா, தனியா பிரிச்சுத் தூக்கிப் போட்டுருவாரு, அதுக்கு பேப்பர் வெலகூட இல்ல.

அதனால கேட்டுக்கங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஒம்பதுல இருந்து இதே எடத்துல ஸ்கேனர் வச்சு உக்காந்திருப்போம். படத்தை நாங்க வாங்கிக்கிட மாட்டோம், அங்கனயே காப்பி எடுத்துட்டு ஒங்க கையில குடுத்துருவோம். பிளாஸ்டிக் தாள் ஒட்டுன ஆல்பத்துல இருந்து வீட்டுல பிய்க்காதீங்க, மூஞ்சியோட வந்துரும், அப்படியே ஆல்பத்தோட கொண்டாங்க. பின்னாடி எழுதுறப்ப பால்பாயிண்ட் பேனா வேணாம், அமுக்கி எழுதுனா முன்னாடி தடம் விழுகும், பென்சில்ல லேசா எழுதுங்க. ராமபாணப் பூச்சி அரிச்சிருந்தாலும் பரவால்ல. பாத்ரூம் செவத்துக்கு அங்கிட்டு இருக்க பீரோவுல மட்டும் வைக்காதீங்க, ஓதம் ஏறிரும். வயசானவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, படத்தைவிட அவங்கதான் முக்கியம், எங்களுக்குப் பேரு சொல்லணும்ல. தாசில்தார் சார் அந்த போட்டோ வீடு மனுவை எழுதிக் குடுத்திருக்காரு, அக்கா காதுகுத்துக்குக் கெளம்புறதுக்குள்ள ஒரு கையெழுத்து போட்டுருங்கக்கா.

டீயும் சுண்டலும் வந்துருச்சுன்னு சைகை காட்டுறாங்க. ஒரு நிமிஷம். அந்த கடைசி வரிசையில மஞ்சப்பையோட உக்காந்திருக்க அய்யா, நானும் வந்ததுல இருந்து பாக்குறேன், பைக்குள்ள பிரேம் தெரியுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு, எடுத்துட்டு முன்னாடி வாங்க. தம்பி, அந்த லைட்டை இங்கிட்டு திருப்பு. அடடே, தெப்பக்குளம், தண்ணியோட. சரிங்கய்யா, படியில உக்காந்திருக்க இந்த மூணு பேரு யாரு? இருங்க இருங்க, பென்சில் எடுத்துக்கிடுறேன்.