எத்தனை நாள் சார்?

நேயர்களுக்கு வணக்கம்.

நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் மிசா தெரியும், தடா தெரியும், பொடா தெரியும், குண்டாஸ் தெரியும். வேறெந்தச் சட்டத்தின் பெயரும் இப்படி நம் சமையலறை வரைக்கும் வந்ததில்லை. பெயருக்கு முன்னால் 'மிசா' என்று போட்டுக்கொண்ட கட்சிக்காரர்கள்கூட நம்மிடையே உண்டு. மற்றச் சட்டங்கள் எல்லாம் கோர்ட்டோடு நின்றுகொள்ளும். இவை வீட்டு வாசலுக்கே வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறவை. அதனால்தான் வாயில் நின்றுவிட்டன.

நான் பிறந்து வளர்ந்தது அல்சூர். முப்பது வருடமாகப் பெங்களூர் நீதிமன்றங்களில் கிரிமினல் வழக்குகள் நடத்திவருகிறேன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அம்மா என் ஆபீசுக்கு வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. அதற்குள் ரேஷன் கார்டு உறை. அதற்குள் எட்டாக மடித்த காகிதக் கட்டு ஒன்று. விரித்து மேஜையில் வைத்தார். மடிப்புகளில் காகிதம் கிழிய ஆரம்பித்திருந்தது. எத்தனை பேரிடம் விரித்துக் காட்டியிருப்பார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. மகன்மேல் குண்டர் சட்டத்தில் போட்ட தடுப்புக் காவல் உத்தரவு. முழுக்கக் கன்னடத்தில் இருந்தது.

"எத்தனை நாள் சார்?" என்று கேட்டார்.

சாதாரண அடிதடி வழக்கு என்றால் எனக்குப் பதில் உண்டு. இத்தனை நாளில் ஜாமீன் கேட்கலாம், இத்தனை நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டாக வேண்டும், போடாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவேன். இதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. "ஒரு வருஷம் வரைக்கும் வைக்கலாம்மா" என்றேன்.

"என்ன பண்ணினான்னு ஒரு வருஷம்?"

"பண்ணினதுக்கு இல்லம்மா. வெளியே விட்டா இனிமே பண்ணிடுவான்னு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "இனிமே பண்ணப் போறது அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

சட்டப் புத்தகங்களில் தடுப்புக் காவலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதைவிடக் கூர்மையான கேள்வியை நான் அவற்றில் பார்க்கவில்லை.

நம் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்கிறது. கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்று முதலில் சொல்கிறது. உடனேயே, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்கிறது. அவர்களுக்கு வேறு சில உரிமைகள் உண்டு. காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். மறுப்பு மனு கொடுக்க வாய்ப்புத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் வைப்பதானால் அறிவுரைக் கழகம் ஒன்று பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்தக் கழகத்தின் முன்னால் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. பள்ளிக்கூடம் முடிக்காத பையன், நீதிபதிகளாக இருந்தவர்கள் முன்னால் தனியாக நின்று தனக்காகத் தானே பேச வேண்டும்.

யுத்த காலத்தில் இப்படி ஆட்களைப் பிடித்து வைப்பது மற்ற நாடுகளிலும் நடந்திருக்கிறது. அமைதிக் காலத்துக்கும் சேர்த்து அதை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு நம்முடையது. அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு வந்தபோது, வெள்ளைக்காரன் சிறையில் கிடந்துவிட்டு வந்த உறுப்பினர்கள் பலர் பொறுக்க முடியாமல் பேசினார்கள். வரைவுக் குழுவில் இருப்பவர்களும் ஜெயில் அனுபவம் பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மகாவீர் தியாகி சொன்னார். ஆனாலும் பிரிவு நிறைவேறியது. குடியரசு பிறந்து ஒரு மாதம்கூட முழுதாக முடியாத 1950 பிப்ரவரியில் முதல் தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மெட்ராஸ் மாகாணத்துச் சிறையில் இருந்தவர். 1950 மே மாதம் அவர் வழக்கு தோற்றது. அடிப்படை உரிமைகள் பற்றி வந்த முதல் பெரிய வழக்குகளில் ஒன்று அது.

சரி, ஸ்ரீராமபுரத்துப் பையனுக்கு வருவோம். அவன் ஒன்றும் சாது இல்லை. அவன்மேல் அடிதடி வழக்குகள் இருந்தன. அதில் ஒன்றில், தள்ளுவண்டியில் காய்கறி விற்கிற ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. நல்லவனுக்காக மட்டும் பேசுவதென்றால் இந்த உரைக்கே அவசியமில்லை.

அவன் கன்னடம் சரளமாகப் பேசுவான். படிக்கத் தெரியாது. தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவன். நம் பெங்களூர்ப் பிள்ளைகளில் இப்படி எத்தனையோ பேர். 1962இல் மகாராஷ்டிரத்திலிருந்து ஹரிகிஷன் என்பவரின் வழக்கு ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அவருக்கு இந்திதான் தெரியும், காரணங்களை இங்கிலீஷில் கொடுத்து வாயால் விளக்கிச் சொன்னார்கள். அது போதாது, அவருக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கோர்ட் அவரை விடுவித்தது. எதற்காகப் பிடித்தார்கள் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாதவன் எதை மறுத்து மனு எழுதுவான்?

அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கொணர்வு மனு போட்டோம். ஜெயித்தோம். ஆனால் உத்தரவு ரத்தாகும்போது பையன் உள்ளே போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. இது வழக்கமாக நடப்பது. குண்டர் சட்ட உத்தரவுகளில் எத்தனையோ, காகிதம் தாமதமாகப் போனது, மொழிபெயர்ப்புக் கொடுக்கவில்லை என்பது போன்ற காரணங்களுக்காக ரத்தாகின்றன. அதற்குள் பாதி வருடமோ முக்கால் வருடமோ கழிந்துவிடும். கேஸ் நிற்காது என்று தெரிந்தாலும் ஆளைச் சில மாதம் உள்ளே வைத்தால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இது மிகவும் வசதி.

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாள், கோர்ட் வராந்தாவில் ஒருவர் என்னிடம் வந்தார். முழங்கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. "வக்கீல் சார், அந்தப் பையன் உள்ளதான இருக்கான்? என் கேஸ் எப்ப சார் வரும்?" அந்தத் தள்ளுவண்டிக்காரர்தான். நான் எதிர்த் தரப்பு வக்கீல் என்பது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அவருக்குப் பதில் சொல்ல வேறு யாரும் இல்லை. பையன் வேறு உத்தரவில் உள்ளே இருந்ததால் அவருடைய வழக்கை யாரும் தொடவில்லை. ஆள்தான் உள்ளே இருக்கிறானே, இப்போது என்ன அவசரம் என்கிற மாதிரி வாய்தா மேல் வாய்தா.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பாதுகாப்பையும் சுதந்திரத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பேசுவது நம் வழக்கம். ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும் என்கிறோம். இங்கே அந்தப் பையனின் சுதந்திரம் போனது. அதனால் அந்தத் தள்ளுவண்டிக்காரருக்கு என்ன கிடைத்தது? அவருக்கும் கிடைக்க வேண்டியது விசாரணைதான். இரண்டு தட்டிலும் இருந்தது ஒரே பொருள். அதை எடுத்துவிட்டோம்.

இதையே பெரிய அளவில் பார்த்தவர்கள் பெங்களூர்த் தமிழர்கள். 2000 ஜூலை 30 ராத்திரி வீரப்பன் நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போனதிலிருந்து 108 நாள் நாம் எப்படி இருந்தோம் என்று நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பஸ்சில் தமிழில் பேசத் தயங்கினோம். அப்போதுதான் 'மைசூர் சிறையில் தடா கைதிகள்' என்ற சொற்கள் செய்தியில் வந்தன. அவர்களில் 51 பேரை விடச் சொன்னது வீரப்பனின் நிபந்தனைகளில் ஒன்று. யார் அந்த 51 பேர்? மாதேஸ்வரன் மலை, அதைச் சுற்றியுள்ள காட்டோர ஊர்கள், இவற்றின் ஏழை ஜனங்கள். 1993 ஏப்ரல் 9இல் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் செத்த பிறகு நடந்த வேட்டையில் பிடிபட்டவர்கள் பலர். பயங்கரவாதத்துக்கு எதிராகக் கொண்டுவந்த அந்தத் தடா சட்டமே 1995 மே மாதத்தோடு காலாவதியாகிவிட்டது. ஆனால் பழைய வழக்குகள் உயிரோடு இருந்தன, அவர்களும் உள்ளே இருந்தார்கள். ஏழு வருடம்!

நிபந்தனையை ஏற்று அவர்களை ஜாமீனில் விடக் கர்நாடக அரசு தயாரானது. அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் அப்துல் கரீம் என்ற தகப்பனார். அவர் மகன் ஷகீல் அகமது, 1992இல் வீரப்பன் ஆட்கள் கொன்ற சப் இன்ஸ்பெக்டர். 2000 நவம்பரில் கோர்ட் அவர் பக்கம் நின்றது. அப்போது எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. மலை ஜனங்களை இன்னும் எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்ற கோபம். தள்ளுவண்டிக்காரரைச் சந்தித்த பிறகு அந்தக் கோபம் போய்விட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் குற்றத்துக்குக் கணக்குக் கேட்டார். மலை ஜனங்களும் தங்கள்மேல் சொன்ன குற்றத்துக்குக் கணக்குத்தான் கேட்டார்கள்.

2001இல் மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் குற்றம் சாட்டப்பட்ட வழக்கில் பெரும்பாலானவர்கள் விடுதலை. எட்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு, நீ குற்றவாளி இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்களில் உண்டு. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மலைக் கிராமங்களில் செய்த கொடுமைகளை விசாரித்த நீதிபதி சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தலைக்குச் சராசரி மூன்று லட்சத்துச் சொச்சம்.

மெஜஸ்டிக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஃப்ரீடம் பார்க் இருக்கிறது. இன்றைக்கு ஊரில் யார் போராட்டம் நடத்தினாலும் அங்கேதான். அது பழைய சென்ட்ரல் ஜெயில். கண்காணிப்புக் கோபுரம் இன்னும் நடுவில் நிற்கிறது. நெருக்கடி நிலை வந்த 1975 ஜூன் 26 காலையில், நாடாளுமன்றக் குழு வேலையாகப் பெங்களூர் வந்திருந்த வாஜ்பாயி, அத்வானி, மது தண்டவதே ஆகியோரைக் கைது செய்து அங்கே வைத்தார்கள். இவர்களைப் போல நாடு முழுக்க மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர் என்று, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் சொன்னது. அதே ஜெயிலில் 1976 மே மாதத்திலிருந்து சினேகலதா ரெட்டி இருந்தார். கன்னட சினிமா நடிகை, மெட்ராஸில் நாடகக் குழு தொடங்கியவர்களில் ஒருவர், ஆஸ்துமா நோயாளி. ராத்திரியில் அவர் மூச்சுக்குத் தவித்துக் கத்துவது தன் அறை வரைக்கும் கேட்கும் என்று தண்டவதே பின்னால் எழுதினார். உடம்பு முற்றிலும் கெட்ட பிறகு 1977 ஜனவரி 15இல் பரோலில் விட்டார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனார். எந்தக் கோர்ட்டும் அவருக்குத் தண்டனை விதிக்கவில்லை.

மிசா கைதிகளின் மனுக்களைக் கேட்கலாம் என்று கர்நாடகம், மெட்ராஸ் உட்பட ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. சுப்ரீம் கோர்ட் 1976 ஏப்ரல் 28இல் அதை மாற்றியது. வாதத்தின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அட்டர்னி ஜெனரலிடம் ஒன்று கேட்டார். ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட இப்போது வழி இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும் வரை இல்லை என்றுதான் பதில் வந்தது. ஐந்து பேரில் நால்வர் அரசின் பக்கம். கன்னா மட்டும் மறுத்து எழுதினார். தலைமை நீதிபதி பதவி அவர் முறைக்கு வந்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை. ராஜினாமா செய்தார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆனது. சொன்னவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். நால்வரில் ஒருவர் அவருடைய தகப்பனார்.

நெருக்கடி நிலையின் சூடு ஆறுவதற்குள் 1978இல் 44ஆவது திருத்தம் வந்தது. அதில், அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் மூன்று மாதம் வைக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். கழகத்தின் தலைவர் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவர மத்திய அரசு அறிவிப்பு வெளியிட வேண்டும். இன்று வரை வெளியிடவில்லை. அப்புறம் வந்த எல்லாக் கட்சி அரசுகளும் அதைத் தொடாமலே விட்டுவிட்டன. மிசாவில் உள்ளே இருந்தவர்களே மந்திரிகளாக உட்கார்ந்த அரசுகளும் அவற்றில் அடக்கம். இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பயம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2024 மார்ச் 1இல் புரூக்ஃபீல்டில் ஒரு ஓட்டலில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்தது. என் மகள் வேலை பார்க்கும் இடம் அந்தப் பக்கம்தான். அவள் போன் எடுக்கும் வரை எனக்கு எந்தச் சட்டப் பிரிவும் நினைவுக்கு வரவில்லை. குண்டு வைத்தவனைப் பிடிக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், குற்றம் உறுதியானால் வாழ்நாள் முழுக்க உள்ளே வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த விசாரணையை ஏன் தாண்டிக் குதிக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ரேகா வழக்கில், காலாவதியான மருந்து விற்றதாகச் சொல்லித் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவரைச் சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிகிறபோது இந்தச் சட்டத்தைத் தொடாதே என்று அப்போது சொன்னது. சாதாரணச் சட்டம் வேலை செய்ய நீதிபதி வேண்டும், அரசு வக்கீல் வேண்டும், சாட்சி சொல்ல வருகிறவருக்கு உட்கார நாற்காலி வேண்டும். அதற்கெல்லாம் பணமும் பொறுமையும் வேண்டும். ஒரு உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்குப் பேனா போதும்.

ஸ்ரீராமபுரத்து அம்மா இப்போது இல்லை. பையன் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு குழந்தைகள். அந்தக் கை முறிந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தள்ளுவண்டிக்காரர் பெங்களூரை விட்டுத் தர்மபுரிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கோர்ட் சம்மன் அவருடைய பழைய வாடகை வீட்டு முகவரிக்குத்தான் இன்னும் போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. கடைசி வாய்தாவுக்கும் அவர் வரவில்லை.