ஊக்கம் இருக்கட்டும், விடுதி எங்கே?

அனைவருக்கும் வணக்கம். பெண்கள் அறிவியல், தொழில்நுட்பத் துறைகளுக்கு வர அரசு ஊக்கம் கொடுக்கலாமா, கூடாதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு. நடுவர் இல்லாததால் தீர்ப்பை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பெண்களுக்கு ஊக்கம் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. குறைவது வேறு.

2018-இல் நடந்த சண்டை உங்களுக்கு நினைவிருக்கும். ஐ.ஐ.டி.களின் பி.டெக். வகுப்புகளில் பத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் பெண்கள் இருந்தார்கள். அதை அந்த ஆண்டு 14 சதவீதமாகவும், 2019-இல் 17 ஆகவும், 2020-இல் 20 ஆகவும் உயர்த்த முடிவு செய்தார்கள். உடனே ‘தகுதி போச்சு’ என்று ஒரே கூச்சல். எப்படிப் போகும்? இருந்த இடங்களில் ஒன்றைக்கூடப் பிடுங்கவில்லை. கூடுதலாக இடங்களை உண்டாக்கினார்கள். அதில் சேரும் பெண்ணும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் தேறியவள்தான். பையனைக் கடன் வாங்கியாவது ராஜஸ்தானின் கோட்டா நகருக்கு நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு அனுப்பும் அப்பா, அதே மதிப்பெண் எடுத்த மகளை ‘பக்கத்துக் காலேஜே போதும்மா’ என்கிறார். தேர்வு எழுதும் முன்பே வீட்டில் ஒரு தரவரிசை தயாராகிவிடுகிறது. அந்த வரிசையைப் பற்றித் தகுதிக்காரர்கள் மூச்சுவிடுவதில்லை.

சரி, ஆதரித்தவர்கள் பக்கமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. அவர்கள் கண் முழுக்க நுழைவாயிலில்தான் இருக்கிறது. நாட்டில் இளநிலை அறிவியல் படிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பெண்கள். ஆனால் 2018 கணக்குப்படி ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் 16.6 சதவீதம்தான். உள்ளே வந்தவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கேள்வியை மேடையில் யாரும் கேட்பதில்லை. திறப்பு விழாவுக்குத்தானே ரிப்பன் வெட்ட முடியும்?

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1943-இல் பட்டம் பெற்ற ஏ. லலிதாவை நாட்டின் முதல் பெண் பொறியாளர் என்று கொண்டாடுகிறோம். பதினைந்து வயதில் கல்யாணம், பதினெட்டு வயதில் கணவரை இழந்தார், கையில் நான்கு மாதக் குழந்தை. அவருக்குக் கிடைத்தது என்ன? அப்பா சுப்பா ராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி அனுமதி வாங்கினார். கல்லூரி விடுதியில் அந்த ஒரு பெண்ணுக்கென்று தனியாக இடம் கொடுத்தார்கள். குழந்தையைச் சகோதரர் குடும்பம் பார்த்துக்கொண்டது. வார இறுதியில் லலிதா போய்ப் பார்த்து வந்தார். பிறகு திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் சிவில் படிப்பில் சேர்ந்ததால் பேச்சுத் துணையும் ஆயிற்று. அந்த லலிதாதான் பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். அனுமதி, விடுதி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள். இந்த மூன்றில் எதையும் அவர் யார் காலிலும் விழுந்து வாங்க வேண்டியிருக்கவில்லை. அப்பா பேராசிரியர் இல்லாத பெண்ணுக்கு இவற்றை யார் கொடுப்பது? அரசியல் அங்கேதான் தொடங்குகிறது.

சட்டமே கதவை அடைத்து வைத்திருந்த கதையும் உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களுக்கு ஆலையில் வேலையில்லை என்றது. ஷிப்டு பார்க்க முடியாத பொறியாளரை எந்த முதலாளி எடுப்பார்? 2000-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. நிலத்தடிச் சுரங்கத்துக்குள் பெண்கள் வேலைக்கு இறங்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் பகலில் மட்டும். பாதுகாப்புக்காகத்தான் இந்தத் தடை என்றார்கள். விளக்குப் போட்டு, வண்டி ஏற்பாடு செய்வதைவிடத் தடை போடுவது மலிவு, அவ்வளவுதான்.

நான் எந்தக் கட்சிக்கும் மேளம் அடிக்க வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: 2021-இல் வந்த கட்டணமில்லா நகரப் பேருந்தும், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆயிரம் மகளிர் தினப் பேச்சுகளுக்குச் சமம். என் பேச்சையும் சேர்த்துத்தான். ஓசிப் பயணம் என்று கேலி செய்தவர்கள், மாலை ஆறரைக்கு ஆய்வகம் முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பாலிடெக்னிக் பெண்ணிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னும் கைவைக்காத இடம், முப்பது வயதைச் சுற்றிய ஆண்டுகள். முனைவர் பட்டம் முடிவதும், பிரசவமும், நிரந்தர வேலைக்கான வயது வரம்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. இடைவெளி விட்டுத் திரும்பும் பெண் விஞ்ஞானிகளுக்கு மத்திய அரசு நிதி தருகிறது, நல்லதுதான். மூன்றாண்டு நிதி தீர்ந்தால் அப்புறம்? மறுபடி விண்ணப்பம்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இலேயே சட்டம் வந்துவிட்டது. வாக்குக் கேட்டு வருபவர்களிடம் உங்கள் ஊர்க் கல்லூரியையும் தொழிற்பேட்டையையும் காட்டி, அந்தக் காப்பகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள் என்று கேளுங்கள். வேலை முடிவதற்கு முன்பே பூட்டுகிறார்கள் என்றால், அதையும் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.