293 அத்தியாயம், 401 பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தை மாதம் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு எத்தனையோ வீடுகளுக்குப் பை பையாகப் புத்தகம் வந்து சேர்கிறது. பங்குனி வெயில் ஏறும்போது பார்த்தால் பாதிப் பை பிரிக்கப்படாமலே கிடக்கும். கேட்டால் நேரமில்லை என்பார்கள். நேரம் இருக்கத்தான் செய்கிறது, கணக்குத்தான் இல்லை. பரீட்சைக்காக இல்லாமல், சும்மா ஆசைக்காக ஓர் ஆண்டு வாசிப்பதற்கும் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

முதலில் உங்கள் வேகம் என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். டெம்மி அளவுப் புத்தகம் (சுமார் 5½ × 8½ அங்குலம்) ஒன்றை 20 நிமிடம் வழக்கம்போல வாசித்துப் பக்கத்தை எண்ணுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்து நடுவில் வரும் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். கிரவுன் அளவில் எண்ணினால் வேகம் கூடுதலாகத் தெரியும். பக்கம் சிறியது, அவ்வளவுதான். நாளுக்கு அந்த 20 நிமிடம்தான், 12 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். காய்ச்சல், கல்யாணம், ஊர்ப்பயணம் போக 300 நாள். மொத்தம் 3,600 பக்கம். 240 பக்க நாவல் என்றால் 15. இதே ஆள் ‘இந்த வருஷம் 50 புத்தகம்’ என்று சபதம் போட்டால், சித்திரைக்குள் ஒல்லியான புத்தகமாகத் தேட ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு நடப்பது எண்ணிக்கைதான், வாசிப்பு இல்லை.

ஆண்டுக்கு ஒரு பெரிய நாவலாவது வேண்டும் என்பது என் கட்சி. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்வோம். பலரும் தொடங்குவார்கள், பலரும் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிடுவார்கள். 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை வார இதழில் வந்த தொடர் அது. அன்றைய வாசகருக்கு வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ அத்தியாயம்தான் கிடைத்தது. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு முடிச்சில் நிற்பதும், முன்கதை அடிக்கடி திரும்ப வருவதும் அதனால்தான். ஒரே மூச்சில் 30 அத்தியாயம் வாசித்தால் திரும்ப வருவது சலிக்கும், முடிச்சுகளும் மரத்துப்போகும். நாளுக்கு ஒன்று என்பதே அதற்கு ஏற்ற அளவு.

ஐந்து பாகத்துக்கும் சேர்த்து 293 அத்தியாயம்: 57, 53, 46, 46, கடைசி பாகம் மட்டும் 91. ஜனவரி முதல் தேதி தொடங்கினால், லீப் ஆண்டாக இல்லாதவரை, அக்டோபர் 20-இல் முடியும். விட்டுப்போனதை ஞாயிற்றுக்கிழமை இரண்டாக வாசித்து ஈடுகட்டலாம். ஆனால் புத்தாண்டைவிட இதற்குப் பொருத்தமான நாள் ஆடிப்பெருக்கு. கதையே அன்றைக்கு வீரநாராயண ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. அன்று எடுத்தால் வைகாசியில் முடித்துவிடலாம். நான்காம் பாகம் முடிந்ததும் ‘இன்னும் ஒன்றுதானே’ என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒன்று முந்தைய பாகத்தைப்போல இரண்டு மடங்கு. களைப்பு அங்கேதான் வரும்.

அதற்கு முன்பே பலரை நிறுத்துவது பெயர்க் குழப்பம். ஒரு துண்டுத்தாளில் நான்கு தலைமுறையை எழுதுங்கள். மேலே பராந்தகர். அவருக்குக் கீழே ராஜாதித்தர், கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தருக்குக் கீழே மதுராந்தகர். அரிஞ்சயருக்குக் கீழே சுந்தர சோழர். சுந்தர சோழருக்குக் கீழே ஆதித்த கரிகாலர், குந்தவை, அருள்மொழிவர்மர். (கதை தொடங்கும்போது நமக்குச் சொல்லப்படுவது இவ்வளவு!) பட்டத்துக்கு உரியவர் மூத்த கிளையின் மகனா, ஆளும் கிளையின் மகனா என்ற சண்டை அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். அந்தத் தாளே பக்க அடையாளமாகவும் இருக்கட்டும்.

மூன்று வாரம் விட்டுப்போனவர்கள் செய்யும் தவறு, மறுபடி முதல் அத்தியாயத்துக்குப் போவது. வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகைக்குள் நுழைவதை நான்கு முறை வாசித்துவிட்டு அதற்கு மேல் போகாதவர்கள் இருக்கிறார்கள். நிறுத்திய இடத்துக்கு முந்தைய இரண்டு அத்தியாயத்தை மட்டும் திரும்ப வாசித்தால் போதும். நாட்டுடைமையான நூல் என்பதால் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு இலவசமாகவே கிடைக்கும். கைப்பேசியில் வாசிப்பவர்கள் பக்கத்தை விட்டுவிட்டு அத்தியாயத்தைக் கணக்கு வையுங்கள்.

காலையில் ஐந்து நிமிடம் ஒதுக்க முடிந்தால் குறுந்தொகை. கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. நாளுக்கு ஒன்று என்றால் ஓர் ஆண்டும் 36 நாளும். பாட்டெல்லாம் 4 முதல் 8 அடிதான். 307-ஆம் பாட்டும் 391-ஆம் பாட்டும் மட்டும் 9 அடி. இதில் வாசிக்கும் வரிசை முக்கியம். முதலில் பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பு: யார், யாரிடம், எந்த நிலையில் சொல்வது. அடுத்து, பதம் பிரித்த பாடத்தை வாய்விட்டு இரண்டு முறை. உரை கடைசியில்தான். உரையை முதலில் பார்த்துவிட்டால் பாட்டு அதன் சுருக்கம்போல ஆகிவிடும்.

மூன்றாம் பாட்டைப் பாருங்கள். தலைவனோடு தனக்குள்ள நட்பு எவ்வளவு பெரிது என்று தலைவி சொல்கிறாள். பாட்டை மட்டும் வாசித்தால் வெறும் புகழ்ச்சி. குறிப்போ, தலைவன் வேலிக்கு வெளியே கேட்டுக்கொண்டு நிற்க, தோழி அவனைக் குறை சொல்ல, அதற்குப் பதிலாகத் தலைவி சொன்னது என்கிறது. இப்போது அதே நான்கு அடி ஒரு வழக்காடலாக மாறிவிடுகிறது. உ.வே.சாமிநாதையரின் 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் பதவுரையும் விசேடவுரையும் தனித்தனியே இருக்கும். ஆசைக்கு வாசிப்பவர் பதவுரையோடு நிறுத்திக்கொள்ளலாம், பாவமில்லை.

ஜனவரியில் நாவலைத் தொடங்கியவருக்கு அக்டோபர் 20-க்குப் பிறகு 72 நாள் மிச்சம். அது நூலகத்துக்கு. கிளை நூலகத்தில் பொதுவாக 14 நாள் தவணை. நாளுக்கு 12 பக்கம் என்றால் 168. ஆகவே 170 பக்கத்துக்குள் எடுங்கள், ஐந்து புத்தகம் முடியும், மழைக்காலச் சோம்பலில் நான்கு புத்தகமாவது முடியும். 40 பக்கம் தாண்டியும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறுகதைத் தொகுப்பானால் நாளுக்கு ஒரு கதை போதும். மூன்றைச் சேர்த்து வாசித்தால் மறுநாள் எந்த முடிவு எந்தக் கதைக்கு என்பதே குழம்பும்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். புத்தகம் பெரும்பாலும் 16 பக்க ஃபாரமாக, அதாவது சேர்த்து அச்சிட்டு மடித்த 16 பக்கத் தொகுதியாக, அச்சாகிக் கட்டப்படுகிறது. எப்போதாவது ஒரு ஃபாரம் விடுபடும், அல்லது இரண்டு முறை சேர்ந்துவிடும். 16, 32, 48, 64 என்று அந்தந்த இடத்தில் பிரித்து அடுத்த எண் சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. 96-க்கு அடுத்து 113 இருந்தால் ஒரு ஃபாரம் காணோம். அந்த இடத்திலேயே வேறு பிரதி கேளுங்கள். வீட்டில்தான் தெரிந்தது என்றால் பில்லோடு போங்கள், அந்தப் பிரதியில் பெயர் எழுதாமல்.

வணக்கம்.