முத்தோரைத் தொலைநோக்கியும் எங்கள் தெரு பூஸ்டரும்

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் மலைச்சரிவில் நீளமாகத் தெரிகிறதே, அதுதான் ஊட்டி முத்தோரை வானொலித் தொலைநோக்கி, விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-இல் வேலைக்கு வந்தது. இந்தச் சரிவு ஏறத்தாழ 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் அதுதான். அதனால் இது சுழலும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. இப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்திருக்கிறார்களே, எத்தனை முறை வந்து பார்த்தாலும் எனக்கு மலைப்புதான்.

வானத்தைப் பார்க்கும்போது இது எதையும் அனுப்புவதில்லை. 326.5 மெகாஹெர்ட்ஸில் காது கொடுத்துக் கேட்கிறது, அவ்வளவுதான். வருவதோ மிக மிகச் சன்னமான சிக்னல். பக்கத்தில் யாராவது இரைச்சல் போட்டால் பதிலுக்குக் கத்தவும் முடியாது. அதனால்தான் உலக அளவில் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரை வானியலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

செல்போன் டவரும் ஒரு காதுதான். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சிக்னல் பூஸ்டர், அதாவது செல்போன் சிக்னலைப் பிடித்துப் பெருக்கி அனுப்பும் பெட்டி, மாட்டினார்கள். பள்ளத்தில் இருக்கும் வீடு, போனில் சிக்னல் எடுக்கவே எடுக்காது. குறை சொல்ல மனசு வரவில்லை. தகரக் கூரை மேல் ஓர் ஆன்டெனா, உள்ளே ஒன்று. ஒன்று அனுப்புவதை மற்றது திரும்பப் பிடித்துக்கொண்டது. திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூவுமே, அதே கதை. அந்தக் கூவலில் எங்கள் போன்களின் குரல் டவருக்குக் கேட்கவே இல்லை. மூன்று நாள் தெருவில் யாருக்கும் கால் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது.

அனுமதி இல்லாமல் பூஸ்டர் வைப்பது குற்றம். ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

அப்புறம் வைஃபைக்கு மட்டும் ஏன் உரிமம் கேட்பதில்லை? 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்பும் சக்திக்கு ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட் என்று எல்லை உண்டு. தவிர, வைஃபை சேனல் காலியா என்று கேட்டுவிட்டுத்தான் பேசும். 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இப்படி உரிமம் இல்லாமல் திறந்துவிட்டார்கள். இன்னும் திறக்கட்டும் என்பதே என் கட்சி. ஆனால் எல்லையோடு திறக்க வேண்டும். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதில் இந்தத் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு.

சரி, அந்தப் பள்ளத்து வீட்டுக்கு என்ன வழி? அவர்கள் போனில் வைஃபை காலிங்கை, அதாவது டவருக்குப் பதில் வீட்டு வைஃபை வழியாகக் கால் பேசும் வசதியை, ஆன் செய்து கொடுத்தேன். இப்போது சமையலறையில் நின்றே பேசுகிறார்கள். உங்கள் வீட்டில் பூஸ்டர் இருந்தால் கழற்றிவிட்டு இதை முயன்று பாருங்கள். மேகம் இறங்குகிறது, கேமராவை மூடுகிறேன்.