கம்மின்ஸ் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட்டைப் பற்றிப் பேச அழைத்தபோது, ஐபிஎல் இல்லாமல் பேசலாமா என்றுதான் முதலில் கேட்டேன். சரி என்றார்கள். அதனால் சிக்ஸர் மழையை எதிர்பார்த்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டியவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இது டெஸ்ட் பேச்சு. அதுவும் இன்னும் தொடங்காத ஒரு தொடரைப் பற்றியது.

2027-இன் தொடக்கத்தில் ஆஸ்திரேலியா ஐந்து டெஸ்ட் ஆட இந்தியாவுக்கு வருகிறது. பார்டர்–கவாஸ்கர் கோப்பை. 2017 முதல் நம் கையில் இருந்த கோப்பை அது. 2024–25-இல் அங்கே போய், பெர்த்தில் 295 ரன் வித்தியாசத்தில் ஜெயித்து ஊரையே துள்ள வைத்துவிட்டு, அப்புறம் 3–1 என்று தொடரைக் கொடுத்துவிட்டு வந்தோம். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆரப்பாளையம் பக்கம் நான் காலையில் டீ குடிக்கிற கடையில் இதற்கென்றே ஒரு சபை உண்டு. பெஞ்சின் ஒரு முனையில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அடுத்த முனையில் பார்சல் டெலிவரி செய்கிற தம்பி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவான். போன வாரத்து வழக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸின் முதுகு. முதுகு வலியால், இங்கிலாந்தோடு ஆடிய 2025–26 ஆஷஸ் தொடரில் அவர் பெரும்பாலான ஆட்டங்களுக்கு வெளியேதான் இருந்தார். “அந்த முதுகு இப்படியே இருந்தா நமக்கு நல்லதுதானே” என்றான் தம்பி. பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. “அவன் நல்லபடியா வரணும்டா. அவன் இல்லாம அடிச்சுட்டு ஆஸ்திரேலியாவை அடிச்சேன்னு எந்த மூஞ்சியோட சொல்லுவ?”

நான் இன்று சொல்ல வந்ததும் இதேதான். டெஸ்ட் தொடருக்குக் காத்திருக்கிறவன் தன் அணிக்காக மட்டும் காத்திருப்பதில்லை, எதிரணிக்காகவும் காத்திருக்கிறான். அதுவும் முழு பலத்தோடு வர வேண்டும் என்று. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலில் சாதுவான மாட்டை அணைந்தேன் என்று எவனாவது பெருமை பேசியிருக்கிறானா? பிடிபடாமல் போகிற காளைக்குத்தானே மைக்கில் பேர் சொல்லிப் பரிசு கொடுக்கிறார்கள்?

இந்தக் காத்திருப்பில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டில் யார் சதம் அடித்தார் என்பது இங்கே சுடச்சுட வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் மதுரையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு ரஞ்சி ஆட்டம் ஆடும்போது போய்ப் பாருங்கள், உட்கார்ந்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். எதிரியின் வீட்டு நடப்பு தெரிகிற அளவுக்கு நம் வீட்டு நடப்பு தெரிவதில்லை. என்ன செய்வது, பகையில் இருக்கிற ருசி அப்படி.

எங்கள் தலைமுறைக்கு அந்த ருசியைக் காட்டியது 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட். மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு ரேடியோதான் மைதானம். சென்னை வெயிலில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றார். ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். எதிரணிக்காரர்தான், ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் தெருவில் அவருக்கு ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டது. நம் பக்கம் கபில்தேவ் 119 அடித்தார். கடைசி நாளில் நமக்கு 348 ரன் இலக்கு. கவாஸ்கர் 90. மெட்ராஸ் புழுக்கத்தில் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பந்து வீசினார் என்பதை இன்று சொன்னாலும் பையன்கள் நம்ப மாட்டார்கள். கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும், கையில் ஒரு விக்கெட். சாஸ்திரி முதலில் இரண்டு, அப்புறம் ஒன்று எடுத்தார். ஸ்கோர் சமம். நாலாவது பந்தை மணிந்தர் சிங் எப்படியோ கட்டை போட்டுவிட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டு எல்பிடபிள்யூ. டை!

டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. முதலாவது 1960-இல் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் நடந்தது. பந்து மணிந்தரின் மட்டையில் பட்டதா இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. நான் மாவட்ட லீக் ஆட்டங்களில் அம்பயராக நிற்கிறவன். அதனால் கையைத் தூக்கியவர் பக்கம்தான் பேசுவேன். அப்பீல் கேட்கிற அந்த ஒரு நொடியில் அங்கே நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதே சேப்பாக்கத்தில் 1999 ஜனவரியில் பாகிஸ்தான் ஆடியது. நம் இலக்கு 271. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் இருக்கும்போது அவுட்டானார். மிச்சம் மூன்று விக்கெட்டும் நாலே ரன்னில் போயின. பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. அப்புறம் நடந்ததுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மொத்த அரங்கமும் எழுந்து நின்று கை தட்டியது, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது. மதுரையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போய் அதைப் பார்த்தவர் ஒருவர் எங்கள் கிளப்பில் இருந்தார். எல்லாரோடும் சேர்ந்து கை தட்டிவிட்டு, எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் நம்மாட்களைத் திட்டிக்கொண்டே நடந்தாராம். அதுதான் உண்மையான ரசிகனின் நிலை. வெறும் பெருந்தன்மை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். வயிறு எரிந்துகொண்டேதான் கை தட்டுகிறோம்.

2001-ஐப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லாருக்கும் மனப்பாடம். கொல்கத்தாவில் லட்சுமணன் 281, அடுத்து சேப்பாக்கத்தில் ஹர்பஜனுக்கு 15 விக்கெட். ஆனால் 2004-ஐ யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. ஆஸ்திரேலியா கடைசியாக இந்திய மண்ணில் தொடரை ஜெயித்தது அந்த வருஷம்தான். பெங்களூரில் தோற்றுவிட்டு சென்னைக்கு வந்தோம். சேவாக் 155 அடித்தார், கும்ப்ளே 13 விக்கெட் எடுத்தார். 229 அடித்தால் தொடர் சமம், நாலாம் நாள் முடிவில் விக்கெட் இழக்காமல் 19. கடைசி நாள் ஒரு பந்துகூடப் போடவில்லை, ஐப்பசி மழை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு டிவி கடை வாசலில் முப்பது நாற்பது பேர் நின்று, தார்ப்பாய் மூடிக் கிடந்த பிட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் இரண்டு தடவை சேனலை மாற்றிப் பார்த்தார், கூட்டம் விடவில்லை. வைகையில் தண்ணீர் வரட்டும் என்று ஏங்குகிற ஊர், அன்று ஒரு நாள் மழையைச் சபித்தது.

இப்போது வரப்போகிற தொடருக்கு வருவோம். சொந்த மண்ணில் நம்மை யாரும் அசைக்க முடியாது என்ற தைரியம் இப்போது இல்லை. 2024-இல் நியூசிலாந்து வந்து 3–0 என்று துடைத்துவிட்டுப் போனது. பெங்களூரில் 46 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனோம். 2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா 2–0. கொல்கத்தாவில் 124 அடிக்க வேண்டிய இடத்தில் 93-க்குச் சுருண்டோம், கவுகாத்தியில் 408 ரன்னில் தோற்றோம். டீக்கடை சபையில் இந்த இரண்டு தொடர்களையும் யாரும் பேர் சொல்லிப் பேசுவதில்லை. “அந்த ரெண்டையும் விட்டுட்டுப் பேசு” என்பதோடு சரி.

நான் விட மாட்டேன், ஏனென்றால் என் மனக்குறை பிட்ச்சில்தான். 2023-இல் ஆஸ்திரேலியா வந்தபோது நாக்பூர், டெல்லி, இந்தூர் மூன்றும் மூன்று நாளுக்குள் முடிந்துவிட்டன. முதல் நாள் காலையிலேயே புழுதி பறக்கிற பிட்ச்சைப் போட்டால் என்ன ஆகும்? பந்தை எவன் சுழற்றினாலும் அது திரும்பும். அஸ்வினுக்கும் ஜடேஜாவுக்கும் வருஷக்கணக்காக உழைத்துக் கிடைத்த வித்தை, எதிரணியின் சாதாரண சுழல்காரனுக்கு ஓசியில் கிடைத்துவிடுகிறது. புனேயைப் பாருங்கள். 2017-இல் ஸ்டீவ் ஓகீஃப் 12 விக்கெட் எடுத்து நம்மை 105-க்கும் 107-க்கும் சுருட்டினார். அதே மைதானத்தில் 2024-இல் நியூசிலாந்தின் மிட்செல் சான்ட்னர் 13. பொறி வைத்தது நாம்தான், விழுந்ததும் நாம்தான்.

நல்ல டெஸ்ட் பிட்ச் என்பது முதல் நாள் வேகப்பந்துக்குக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் மட்டையாளன் நிற்க வேண்டும். நாலாம் நாள் விரிசல் விட்டு, சுழலுக்கு வேலை வர வேண்டும். செம்மண் பிட்ச் என்றால் பந்து எழும்பி வரும், கரிசல் என்றால் தாழ்ந்து மெதுவாக வரும். இரண்டிலும் நல்ல ஆட்டம் ஆடலாம், தண்ணீரை எப்போது நிறுத்துகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாங்கள் மதுரையில் மேட் விரித்து ஆடி வளர்ந்தவர்கள், மண் பிட்ச்சின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். இப்போது சிந்தாமணிப் பக்கம் புல்தரையோடு ஸ்டேடியமே வந்துவிட்டது, 2025 அக்டோபரில் தோனி வந்து திறந்து வைத்தார். இன்றைய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

பொறி வைக்காமலும் ஜெயிக்கலாம் என்பதற்கு 2021 ஜனவரி போதும். அடிலெய்டில் 36-க்குச் சுருண்ட அணி அது. சிட்னியில் முதுகைப் பிடித்துக்கொண்டு அஸ்வினும், தொடைத் தசை பிசகிய விஹாரியும் 40 ஓவருக்கு மேல் டொக்கு வைத்தே ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அஸ்வின் தமிழில் யோசனை சொன்னது ஸ்டம்ப் மைக்கில் கேட்டு, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சிரிப்பு அள்ளியது. அங்கே எப்படியும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறவர்கள். ஆஸ்திரேலியாவில் நடக்கிற டெஸ்ட்டுக்கு அவர்களைவிடத் தோதான ரசிகர்கள் ஊரில் கிடையாது. மார்கழி, தைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிக் கிடக்கும், ஒரு காது ஏலத்தில், ஒரு காது ஸ்கோரில். அடுத்து பிரிஸ்பேனில் சின்னப்பம்பட்டி நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் முதல் டெஸ்ட் ஆடினார்கள். பந்த் 89 அடித்துக் கடைசி வரை நின்றார். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் முதல் முறையாகத் தோற்றது அன்றுதான். அதுவும் கம்மின்ஸ், ஸ்டார்க், ஹேசல்வுட், லயன் நாலு பேரும் பந்து வீசிய ஆட்டம். அதனால்தான் அந்த வெற்றிக்கு இன்றும் மவுசு.

இந்தத் தடவை அஸ்வின் இல்லை. 537 விக்கெட்டோடு, 2024 டிசம்பரில் பிரிஸ்பேனிலேயே விடை பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு வாஷிங்டன்தான் என்று கண்டக்டர் அண்ணன் முடிவே செய்துவிட்டார். டெலிவரித் தம்பிக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்று. பெர்த்தில் 161 அடித்தபோது நம் தொடக்க ஆட்டக்காரர் ஜெய்ஸ்வால், பந்து ரொம்ப மெதுவாக வருகிறது என்று ஸ்டார்க்கையே சீண்டினார். அடுத்த டெஸ்ட்டில், அடிலெய்டில், ஆட்டத்தின் முதல் பந்திலேயே ஸ்டார்க் அவரை எல்பிடபிள்யூ செய்து அனுப்பினார். அந்தக் கணக்கு தீரவில்லை. ஸ்டார்க்குக்கு வயது 37-ஐ நெருங்குகிறது, இந்தியாவில் இன்னொரு தொடர் ஆட வருவாரா என்பது சந்தேகம். ஆகவே முதல் டெஸ்ட்டில் டாஸ் யார் ஜெயித்தாலும் சரி, நாம் பேட்டிங் பிடிக்கிற முதல் ஓவரின்போது எனக்கு யாரும் போன் செய்ய வேண்டாம். வணக்கம்.