பதினோரு பேருக்கு முதல்ல வீடு

நடுவர் அவர்களே, முழங்கி முடிச்சுட்டு இப்ப சோடா குடிச்சுக்கிட்டிருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே, மழை வருமோன்னு வானத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிற குடந்தைப் பெருமக்களே, வணக்கம்.

நடுவர் நமக்குக் கொடுத்த குடும்பத்தை ஒரு தடவை எண்ணிக்குவோம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துலேர்ந்து கும்பகோணத்துக்குக் குடி வர்றாங்க. தாத்தா, பாட்டி, ரெண்டு மகன், ரெண்டு மருமக, பிள்ளைங்க அஞ்சு. கையில இருக்கிற காசு ஒண்ணுக்குத்தான் காணும். நல்ல வீடா, பெரிய பள்ளிக்கூடமா? வீட்டை முதல்ல பாருங்கன்னு சொல்றது எங்க அணி.

அண்ணன் ராமானுஜனைக் கூட்டிட்டு வந்தாரு. "சாரங்கபாணி சன்னதித் தெருவுல போய்ப் பாருங்க, சின்ன ஓட்டு வீடு. ஆனா படிச்சது டவுன் ஹைஸ்கூல்!"னாரு. கைத்தட்டலும் வாங்கிட்டாரு. மீதிக் கதையை யார் சொல்றது? 1904-ல பள்ளிப்படிப்பை முடிச்சு, உதவித்தொகையோட இதே ஊர் அரசினர் கல்லூரிக்குப் போனாரு. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்னு பேர் வாங்கின கல்லூரி. கணக்கைத் தவிர வேற பாடத்துல மனசு போகலை. உதவித்தொகை போச்சு, படிப்பும் நின்னுச்சு. அப்புறம் அவர் எங்க உக்காந்து கணக்குப் போட்டாரு? வீட்டுத் திண்ணையில, மடியில சிலேட்டை வச்சுக்கிட்டு! அண்ணே, நீங்க கூட்டிட்டு வந்த சாட்சி எங்க பக்கம் வந்து உக்காந்துட்டாரு.

இப்ப நம்ம குடும்பத்துக்கு வருவோம். பெரிய பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு ஃபீஸ் கட்டினது போக மிச்சத்துல என்ன கிடைக்கும்? வயலைத் தூத்துப் போட்ட நகர்ல ஒரு மாடி போர்ஷன். ஐப்பசி பொறந்தா தெருவே வாய்க்கா. ஹவுஸ் ஓனர் கேக்கிற முதல் கேள்வி, "எத்தனை பேரு?" உண்மையைச் சொன்னா வீடு கிடைக்காது. "ஆறு பேருதான் சார், மத்தவங்க அப்பப்ப வந்து போவாங்க"ம்பான் மூத்தவன். அன்னையிலேர்ந்து பிள்ளைங்களுக்கு முதல் பாடம், சத்தம் போடாம மாடிப்படி ஏர்றது. பாட்டி 'வந்து போற' ஆளாச்சே, வாசல்ல உக்காந்து வெத்தலை போட முடியாது. காலையில ஏழு மணிக்கு டேங்க்ல தண்ணி தீரும். கீழேர்ந்து ஓனரம்மா குரல் வரும்: "இப்பதானே மோட்டார் போட்டேன், ஆறு பேருக்கு இவ்வளவு தண்ணியா?"

ராத்திரி ஒன்பது மணிக்கு பிளஸ் ஒன் பையன் புஸ்தகத்தை விரிக்கணும்னா தாத்தா பாயைச் சுருட்டணும். அடைமழையில அஞ்சு யூனிஃபார்ம் எங்க காயும்? ஃபேனுக்கடியில கொடி கட்டி, நாற்காலி முதுகுல தொங்க விட்டு, காலையில ஈரம் போகாத சட்டையில இஸ்திரிப் பெட்டியை வச்சா ஒரு வாடை வருமே, இங்க இருக்கிற தாய்மாருங்களுக்குத் தெரியும். அந்த வாடையோடதான் பிள்ளை உங்க ஏசி கிளாசுக்குப் போகும்.

எதிரணி டீச்சரம்மா 2004 ஜூலை 16-ஐ ஞாபகப்படுத்தினாங்க. அன்னைக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிடிச்ச தீயில போனது 94 பிள்ளைங்க. இந்த ஊர்ல நின்னுக்கிட்டு அதுக்கு எதிர்வாதம் பேச எனக்கு வாய் வராது. கட்டடம் உறுதியா, படி அகலமா, சமையல்கட்டு எங்க இருக்குன்னு பாக்காம எந்தப் பள்ளியிலயும் சேக்கக் கூடாதுதான். அதைப் பாக்கக் காசு வேண்டாம்மா, கண்ணு போதும். நீங்க காசு கொட்டச் சொல்றது ஃப்ளெக்ஸ்ல மார்க் போட்டோ போடுற பள்ளிக்கு.

அதுவும் அஞ்சு பிள்ளைக்கும் ஒரே பள்ளி ஒத்து வருமா? ஒண்ணு எல்கேஜி, ஒண்ணு பிளஸ் ஒன். சின்னதுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற இடத்துல கெமிஸ்ட்ரி வாத்தியார் நிலைக்க மாட்டாரு. பிடிக்கலைன்னா ஜூன் மாசம் டிசி வாங்கி ஒரு பிள்ளையை மாத்திடலாம். வருஷா வருஷம் பாட்டியையும் பீரோவையும் லாரியில ஏத்த முடியுமா?

இன்னொண்ணு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மைப் பள்ளிகள் நீங்கலா, தனியார் பள்ளியில தொடக்க வகுப்புல 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைங்களுக்கு. நம்ம ஊர்ல விண்ணப்பம் போடுறப்ப பாக்கிறது என்ன? வீடு பள்ளியிலேர்ந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கான்னு. தகுதி இருந்தா எல்கேஜி குட்டிக்கு சீட்டு வாங்கித் தர்றதே வீட்டு விலாசம்தான். மூணாவது படிக்கிறது பக்கத்து அரசுப் பள்ளிக்கு நடந்தே போகட்டும், காலை டிபன் அங்கயே. 2023 ஆகஸ்ட்ல அந்தத் திட்டத்தைத் தமிழ்நாடு முழுக்க விரிச்சது நம்ம டெல்டாவுல, திருக்குவளையில. ஆறாவது போற பொண்ணு பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சா, காலேஜ்ல மாசம் 1,000 ரூபாய் அவ கணக்குலயே விழும். மருத்துவத்துக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எங்க அணி படிப்பைக் கைவிட்ட அணி இல்லை அண்ணே.

நடுவர் மணி மேல கை வச்சுட்டாரு. அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க பேச்சைக் கேட்டு அஞ்சு பிள்ளைக்கும் பெரிய பள்ளியில அட்மிஷன் போட்டாச்சு. இன்னைக்கு ராத்திரி இந்தப் பதினோரு பேரும் எங்க படுப்பாங்க? அதைச் சொல்லிட்டுத் தீர்ப்பைக் கேளுங்க.