சாண் நீள லிங்க் ராடு

நேயர்களுக்கு வணக்கம். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட வருகிறவர்களின் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். பட்டறைக்கு வரும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனா மாத்திட்டேன். அப்பவும் ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி ஒரு நொடி யோசிச்சிட்டுத்தான் திரும்புது. ஏன்?" நான் குனிந்து முதலில் கையை வைப்பது அந்தப் புது பாரில் அல்ல, அதன் நுனியில் தொங்கும் சாண் நீள லிங்க் ராடில்.

பார் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிட்டால் லிங்க்கின் அருமை புரியும். காரின் அடியில், ஒரு பக்கச் சக்கரத்திலிருந்து மறு பக்கச் சக்கரம் வரைக்கும், நம் 'ப' எழுத்தைப் போல வளைந்த ஒரு ஸ்பிரிங் எஃகுக் கம்பி கிடக்கும். நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் பிடித்திருக்கும். இரு நுனிகளும் லிங்க் ராடு என்ற சின்ன இணைப்புக் கம்பி வழியாக ஸ்ட்ரட்டோடோ (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ் ஆர்மோடோ சேரும். 1919-லேயே ஸ்டீபன் கோல்மன் என்ற கனடாக்காரர் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாடி வலப்பக்கம் சாயும். வலது ஸ்பிரிங் அமுங்கும், இடது ஸ்பிரிங் நீளும். அப்போது இந்தக் கம்பி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு திரும்பப் பார்க்கிற விசைதான் பாடியைச் சாயவிடாமல் பிடிக்கிறது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் கம்பி சும்மா புரண்டு கொடுக்கும், எதிர்ப்பே காட்டாது.

கம்பியின் பலம் அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 22 மில்லிமீட்டர் கம்பியை எடுத்துவிட்டு 24 போட்டால் கூடுவது இரண்டே மில்லிமீட்டர்தான், ஆனால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அவ்வளவு விசையும் அந்த லிங்க் வழியாகத்தான் போய் வர வேண்டும். அதன் முனையில் ரப்பர் இருந்தால் முதலில் ரப்பர் நசுங்கும், பிறகுதான் கம்பி முறுக ஆரம்பிக்கும். குழிக்குள் உருண்டை சுழலும் பால் ஜாயிண்ட் இருந்து, அது தேய்ந்திருந்தால், அந்த ஆட்டம் தீர்கிற வரைக்கும் பாருக்கு வேலையே இல்லை. அந்த இளைஞர்கள் சொல்கிற ஒரு நொடி யோசனை பெரும்பாலும் இதுதான். லிங்க்கை மாற்றினால் பாரின் பலம் கூடாது. ஏற்கெனவே இருக்கிற பலம் உடனே சக்கரத்துக்குப் போய்ச் சேரும்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களின் இடைவெளி, வளைகிற வேகம், வளைவின் இறுக்கம் இவைதான் தீர்மானிக்கின்றன. மொத்தத்தை பார் மாற்றுவதில்லை. அதில் முன்பக்கத்துக்கு எவ்வளவு, பின்பக்கத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பதுதான் அதன் வேலை. முன்சக்கர டிரைவ் உள்ள ஹாட்ச்பேக்கில் பின் பாரை விறைப்பாக்கினால் மூக்கு நன்றாக உள்ளே திரும்புவதற்குக் காரணம் அதுவே. அளவு மீறினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும்.

பந்தயக் கார்களில் போடும் லிங்க்கின் முனையில் ரப்பருக்குப் பதில் எஃகு உருண்டை சுழலும் ராடு எண்ட் இருக்கும். ஹைம் ஜாயிண்ட் என்றும் சொல்வார்கள், இங்கிலாந்தில் ரோஸ் ஜாயிண்ட். போர் விமானங்களின் கட்டுப்பாட்டுக் கம்பிகளில் இருந்து வந்த ஜாயிண்ட் இது. சென்னைப் பக்கம் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் ஒரு காலத்தில் கார் பந்தயம் நடந்தது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990-ல்தான் வந்தது. விமானத்துக்குப் போட்ட ஓடுதளமும் விமானத்துக்குச் செய்த ஜாயிண்டும் காருக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கும்.

இந்த வகை லிங்க்கின் பெரிய பயன், நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. ஒரு முனையில் வலது மரை, மறு முனையில் இடது மரை. நடுக் குழாயைத் திருகினால் இரண்டு முனையும் ஒன்றாக வெளியே வரும், அல்லது உள்ளே போகும். வண்டியை 30, 40 மில்லிமீட்டர் தாழ்த்தியவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படும். தாழ்த்தியதும் பாரின் கோணம் மாறிவிடும். சில வண்டிகளில் அது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டையோ, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு சேர்க்கும் டை ராடையோ போய் உரசும். கூட்டுவதா குறைப்பதா என்பது வண்டியின் அமைப்பைப் பொறுத்தது. வண்டி நிற்கும் நிலையில் பாரின் கைக்கும் லிங்க்குக்கும் இடையே செங்கோணத்துக்குப் பக்கமாக வர வேண்டும், அதுதான் கணக்கு.

இந்த நீள விஷயத்தில் நான் ஒரு பாடம் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்க, இரு லிங்க்கையும் ஸ்கேலால் அளந்து ஒரே நீளத்தில் பூட்டி அனுப்பினேன். நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், "வலது வளைவு அருமை, இடது வளைவில் வேற வண்டி மாதிரி இருக்கு" என்றார். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்ததும் அவர் பக்கம் அமுங்குகிறது. அப்போதே பார் கொஞ்சம் முறுகி நிற்கிறது. ஒரு பக்கம் திரும்பும்போது அந்த முறுக்கு கூடும், மறு பக்கம் திரும்பும்போது முதலில் அவிழும்.

அன்றிலிருந்து வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஓட்டுநரை சீட்டில் உட்கார வைத்து, ஆள் இல்லை என்றால் அவர் எடைக்கு மணல் மூட்டையை வைத்து, ஒரு பக்க லிங்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு நீளத்தைத் திருத்துகிறேன். போல்ட்டை இரண்டு விரலால் தள்ளினால் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் நீளம் இன்னும் சரியில்லை. போல்ட் தானாக உள்ளே இறங்கும் அந்த நிமிடம் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம்.

தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டிக்கு ராடு எண்ட் போடச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நம் ஊர் தூசியும் மழைச் சேறும் அந்த உருண்டைக்குள் புகுந்தால் சீக்கிரமே தேய்ந்து டக் டக் என்று சத்தம் போடும். கட்டியான எஃகுக் கம்பியும், ரப்பர் உறை போட்ட நல்ல பால் ஜாயிண்டும் உள்ள லிங்க் போதும். பாரின் நடு புஷ் வெடித்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

லிங்க் போய்விட்டதா என்று நீங்களே பார்க்கலாம். வேகத்தடையில் நேராக, மெதுவாக ஏறி இறங்குங்கள். சத்தம் இருக்காது. அதே வேகத்தடையில் சாய்வாக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி போங்கள். அப்போது மட்டும் கடகடவென்று கேட்டால் முதல் சந்தேகம் லிங்க் மேல் வரட்டும்.

லிங்க்கைக் கழற்றும்போது அது இருக்கும் அச்சின் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுகி நிற்கும், கழன்ற நொடியில் நுனி கையில் அடிக்கும். நட்டைத் திருப்பும்போது பால் ஜாயிண்டும் சேர்ந்து சுற்றினால், அதன் தலையில் ஆலன் கீயைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே நைலான் வளையம் உள்ள பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீர்கள். சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். நீளம் மாற்றும் லிங்க் என்றால் நீளம் மாறாமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கிவிட்டு, நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் குனிந்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் லாக் நட் தளர்ந்திருக்கிறது. திரும்ப சமதரையில் நிறுத்தி, ஆளை உட்கார வைத்து, நீளத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.